கடை வாசலில் பேசும் முகம்!
இணையதளத்தில் நின்று நம்மை அழைக்கும் மனிதர்கள்

"வாங்கம்மா, வாங்க! உள்ளே வந்து பாருங்க! வாங்காட்டியும் பரவாயில்லை, பார்த்துட்டுப் போங்க!"

சென்னை ரங்கநாதன் தெருவில் நடந்து போனவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். மதுரையிலும் கேட்கலாம். திருச்சியிலும் கேட்கலாம். துணிக் கடை வாசலில் ஓர் ஆள் நிற்பார். கூப்பிடுவதுதான் அவர் வேலை.

அவர் கூப்பிட்டதும் நாம் நிற்கிறோம். அவர் முகத்தைப் பார்க்கிறோம். கடைக்குள் எட்டிப் பார்க்கிறோம். பிடித்தால் உள்ளே போகிறோம். பிடிக்காவிட்டால் நடையைக் கட்டுகிறோம்.

இப்பொழுது கடை செல்போனுக்குள் வந்துவிட்டது. புடவை, பாத்திரம், மளிகை, தின்பண்டம் எதுவானாலும் இணையதளத்தில் வாங்கலாம். அந்தக் கடைக்குத் தெருவும் இல்லை, படிக்கட்டும் இல்லை. இணையதளத்தைத் திறந்தால் முதலில் வருகிற பக்கம்தான் அதற்கு வாசல். அதை 'முகப்புப் பக்கம்' என்கிறார்கள்.

அந்த வாசலில் நின்று கூப்பிடுவது யார்?

அதற்கும் ஆள் வந்துவிட்டார்! முகப்புப் பக்கத்தில் ஒரு வீடியோ இருக்கும். விரலால் தொட்டால், அதில் ஒருவர் தோன்றுவார். "வணக்கம்! எங்கள் கடைக்கு வந்ததற்கு நன்றி" என்று தொடங்குவார். சரக்கைக் காட்டுவார். விலையைச் சொல்வார்.

இவர்கள் யார்? இவர்களால் வியாபாரம் பெருகுமா? இவர்கள் சொல்வதை நம்பலாமா?

பார்ப்போம்.

சவர பிளேடு விற்ற வாலிபர்

அமெரிக்காவில் மைக்கேல் டூபின் என்று ஒருவர். அவரும் மார்க் லெவின் என்பவரும் கூட்டாக ஒரு வியாபாரம் தொடங்கினார்கள். சவர ரேசர்களை மாதா மாதம் தபாலில் அனுப்புவதுதான் வியாபாரம். கம்பெனியின் பெயர் 'டாலர் ஷேவ் கிளப்'.

சவர பிளேடு வியாபாரத்தில் அப்பொழுது கொடி கட்டிப் பறந்தது 'ஜில்லெட்' கம்பெனி. அதோடு போட்டி போடுவது என்றால் சும்மாவா? மலையோடு மோதுவது போல!

டூபின் ஒரு காரியம் செய்தார். நகைச்சுவை நடிப்பில் அவருக்குப் பழக்கம் உண்டு. தானே கேமரா முன் நின்றார். பெரிய நடிகர் யாரையும் கூப்பிடவில்லை. அலங்கார மேடை போடவில்லை. சரக்குக் கிடங்குக்குள்ளே நடந்துகொண்டே, சிரிக்கச் சிரிக்கப் பேசினார். எங்கள் பிளேடு நல்ல பிளேடு, விலை குறைவு, வீட்டுக்கே வரும் – இவ்வளவுதான் சொன்ன சேதி.

படம் ஓடும் நேரம் ஒன்றரை நிமிடம். செலவு 4,500 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 2¼ லட்சம் ரூபாய்.

2012-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த வீடியோ வெளிவந்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கூட்டம் தாங்காமல் இணையதளமே படுத்துவிட்டது! அதைச் சரி செய்து எழுப்பினார்கள். 2 நாளில் 12,000 பேர் வாடிக்கையாளராகச் சேர்ந்தார்கள்.

4 ஆண்டு கழித்து, 2016-ல், 'யூனிலீவர்' என்ற பெரிய நிறுவனம் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. கொடுத்த தொகை 100 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

கதை அதோடு முடியவில்லை. 2023-ல் யூனிலீவர் அந்தக் கம்பெனியின் பெரும் பங்கை வேறு கைக்கு விற்றுவிட்டது. முகம் ஆளைக் கூப்பிடும், கூட்டத்தையும் சேர்க்கும். வியாபாரம் எந்நாளும் நிலைப்பதற்கு அது மட்டும் போதாது. இதையும் நாம் மறக்கக் கூடாது.

ஏன் இந்த மாயம்?

ஒரு முகத்துக்கு ஏன் இத்தனை சக்தி?

எழுத்தில் "தரமான பொருள், நியாயமான விலை" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஓர் ஆள் எதிரே வந்து சொன்னால் நிலைமை வேறு. அவர் கண்ணைப் பார்க்கிறோம். குரலைக் கேட்கிறோம். தடுமாறுகிறாரா, தைரியமாகச் சொல்கிறாரா என்று எடை போடுகிறோம்.

இன்னொரு நன்மையும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் நம் நாட்டில் ஏராளம். கண் மங்கிய பெரியவர்களும் இருக்கிறார்கள். நீளமாக எழுதி வைத்தால் அவர்களுக்குச் சிரமம். வாயால் சொன்னால் உடனே புரியும். பாட்டி கூடக் கேட்டுவிட்டு, "சரி, ஒரு கிலோ அனுப்பச் சொல்லு" என்பாள்.

நம் ஊர் முதலாளிகள்

முதலாளியே முன்னால் வந்து நிற்பது நமக்குப் புதிது அல்ல.

வசந்த் அண்டு கோ வசந்தகுமாரை யாருக்குத் தெரியாது? விற்பனையாளராக வேலை பார்த்தவர். 1978-ல் சொந்தக் கடை தொடங்கினார். பத்திரிகை விளம்பரங்களில் அவருடைய சிரித்த முகம்தான் முதலில் கண்ணில் படும். 2020-ல் அவர் காலமானார். அந்தச் சிரிப்பு இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது.

லலிதா ஜுவல்லரி கிரண்குமார் தொலைக்காட்சி விளம்பரத்தில் தாமே வந்தார். நகையின் விலையை மற்ற கடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள் என்றார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் அருள் நடிகைகளோடு விளம்பரத்தில் தோன்றினார். பிறகு 2022-ல் 'தி லெஜண்ட்' படத்தில் கதாநாயகனாகவே வந்துவிட்டார்!

இவர்களைப் பார்த்துச் சிலர் கேலி செய்தார்கள். ஆனால், யாரும் மறக்கவில்லை. காரணம், "இது என் கடை; சொல்வது நான்" என்று ஓர் ஆள் பொறுப்பு ஏற்று நின்றதுதான்.

அவர்கள் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டினார்கள். பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இடம் பிடிப்பது லேசான காரியம் அல்ல. இப்பொழுது ஓர் இணையதளமும் ஒரு செல்போனும் இருந்தால், சிறு வியாபாரியும் அதே மாதிரி முன்னால் வந்து நிற்கலாம்.

கேட்காமல் பேசியவர்கள்!

இதில் தப்பு வழியும் ஒன்று உண்டு. அந்தக் கதையையும் கேளுங்கள்.

2005-ம் ஆண்டு 'பிளாஷ்' என்ற மென்பொருளில் ஒரு புது வசதி வந்தது. ஓர் ஆளைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு பச்சை நிறத்தை மட்டும் நீக்கிவிடுவார்கள். ஆள் மட்டும் தனியாக நிற்பார். நம் சினிமாக்காரர்களுக்குத் தெரிந்த அதே வித்தைதான்.

இந்த வித்தையால், இணையதளத்தின் ஓரத்திலிருந்து குட்டி மனிதர் ஒருவர் நடந்து வருவார். எழுத்துக்கு மேலேயே நிற்பார். நாம் கேட்காமலே பேச ஆரம்பிப்பார்!

முதல் தடவை பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். இரண்டாவது தடவை சிரித்தார்கள். மூன்றாவது தடவை கோபம் வந்தது.

ஏன் வராது? ஆபீசில் எல்லாரும் மௌனமாக வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் திடீரென்று உரக்கப் பேசினால் எப்படி இருக்கும்? நடுராத்திரியில், பக்கத்தில் குழந்தை தூங்கும்போது பேசினால்? பார்த்தவர் சரக்கை வாங்கவில்லை. பக்கத்தையே மூடிவிட்டுப் போனார்.

ஆப்பிள் கம்பெனி 2007-ல் வெளியிட்ட ஐபோனில் பிளாஷ் ஓடாது. 2010-ல் அந்தக் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், பிளாஷ் வேண்டாம் என்பதற்கான காரணங்களை ஒரு பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். 2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு பிளாஷுக்கு ஆதரவு நின்றது.

அதற்கு முன்பே, 2018-ல், கூகுளின் 'குரோம்' பிரவுசர் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பார்க்கிறவர் தொடாதவரை, சத்தத்தோடு வீடியோ தானாக ஓடுவதைப் பெரும்பாலான பக்கங்களில் அது தடுத்தது.

கடை வாசலில் நிற்பவர் கூப்பிடலாம். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதைதான்!

கடலை மிட்டாய்க்காரர் என்ன பேசலாம்?

சரி, நம் ஊர் வியாபாரி ஒருவர் வீடியோ எடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்காரர் என்றே வைத்துக்கொள்வோமே! கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் நாடு முழுதும் தெரியும்.

அவர் எங்கே நிற்க வேண்டும்? அலங்கார அறையில் அல்ல. வெல்லப் பாகு கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பின்னால் மிட்டாய் வெட்டுவது தெரியட்டும்.

என்ன பேச வேண்டும்? இப்படிப் பேசலாம்:

"வணக்கம். இந்தக் கடை என்னுடையது. பின்னால் தெரிவதுதான் எங்கள் பட்டறை. நிலக்கடலையும் வெல்லமும்தான் சரக்கு. கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்று மூன்று அளவில் கட்டித் தருகிறோம். விலை கீழே எழுதியிருக்கிறது. அனுப்பும் செலவும் அதிலேயே இருக்கிறது. என்றைக்குச் செய்தது என்று பொட்டலத்தின் மேல் தேதி இருக்கும். உடைந்து வந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், வேறு அனுப்புகிறோம். எங்கள் விலாசமும் போன் நம்பரும் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. நன்றி."

அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட ஆகாது!

"உலகத் தரம்" என்று அளக்கவில்லை. "இன்றே கடைசி" என்று பயமுறுத்தவில்லை. வாங்குகிறவர் மனத்தில் என்னென்ன கேள்வி எழுமோ, அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டார்.

நினைவில் வைக்க வேண்டியவை இன்னும் சில:

பேச்சு ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். நிதானமாகப் பேசினால், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் வரும். முதலில் எழுதிப் பாருங்கள். பிறகு வீட்டில் உள்ளவர்களிடம் பேசிக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாத சொல்லை எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு எதிரே நின்றால் போதும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துவிடும்.

படத்தைவிடக் குரல் முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்கள். சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது.

பேசுவதை எழுத்தாகவும் படத்தின் அடியில் போடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் சத்தம் இல்லாமலே பார்ப்பார்கள். காது கேளாதவர்களுக்கும் அது உதவி.

விலையும் விலாசமும் வீடியோவுக்குள் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும். சுமாரான தரத்தில் ஒரு நிமிட வீடியோ ஓட 7, 8 எம்.பி. டேட்டா ஆகலாம். சிக்னல் குறைந்த கிராமத்தில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து மட்டும் வந்து சேரும்.

ஆளே இல்லாத முகம்!

இப்பொழுது வந்திருக்கிறது இன்னும் பெரிய அதிசயம். பேசுவதற்கு ஆளே வேண்டாம்!

2018-ம் ஆண்டு நவம்பரில், சீனாவின் 'சின்ஹுவா' செய்தி நிறுவனம் ஒரு செய்தி வாசிப்பாளரை அறிமுகம் செய்தது. கோட்டு, டை எல்லாம் அணிந்து அழகாகச் செய்தி வாசித்தார். ஆனால் அவர் மனிதர் அல்ல! உண்மையான ஒரு செய்தி வாசிப்பாளரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் செய்த உருவம்.

2023-ல் ஒடிசாவின் ஓ.டி.வி. தொலைக்காட்சியில் 'லிசா' வந்தாள். கைத்தறிச் சேலை கட்டி, ஒடியா மொழியில் செய்தி வாசித்தாள். அவளும் கம்ப்யூட்டர் பெண்தான்.

இந்த வசதி இன்று வியாபாரிகளுக்கும் கிடைக்கிறது. சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்தால் போதும். உதடு அசையும்; கண் இமைக்கும்; குரல் வரும். தமிழில் வேண்டுமா, இந்தியில் வேண்டுமா? ஒரே முகம் இரண்டிலும் பேசும்!

இதில் நன்மை இல்லாமல் இல்லை. கேமரா முன் நிற்கக் கூச்சப்படுகிறவருக்கு உதவும். விலை மாறினால் மறுபடி படம் பிடிக்க வேண்டியதில்லை. "இது கம்ப்யூட்டர் செய்த உருவம்" என்று ஒளிக்காமல் எழுதிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஆனால், இதே வித்தை திருடன் கையிலும் கிடைத்துவிட்டது. அங்கேதான் ஆபத்து!

பறிபோன 200 கோடி!

2024-ம் ஆண்டு ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு வீடியோவைப் பார்த்துத் திடுக்கிட்டார். அதில் அவரே தோன்றி, ஒரு விளையாட்டுச் செயலியைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். முகம் அவருடையது. குரலும் அவருடையது போலவே இருந்தது. ஆனால், அவர் அப்படிப் பேசவே இல்லை! வீடியோ போலி என்று அவரே மக்களை எச்சரித்தார்.

அதே ஆண்டு ஏப்ரலில், தேசியப் பங்குச் சந்தையின் தலைமை அதிகாரி ஆசிஷ்குமார் சவுகான் சில பங்குகளை வாங்கச் சொல்வது போல் வீடியோக்கள் உலவின. அவையும் போலி. பங்குச் சந்தையே அறிவிப்பு வெளியிட்டு எச்சரிக்க வேண்டி வந்தது.

ஹாங்காங்கில் நடந்தது இதைவிடப் பயங்கரம். அங்கே 'அரூப்' என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் கிளை இருக்கிறது. அதன் ஊழியர் ஒருவர் வீடியோக் கூட்டத்தில் கலந்துகொண்டார். மேலதிகாரி இருந்தார். தெரிந்த சகாக்கள் இருந்தார்கள். பணம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். அவ்வளவும் போலி முகங்கள்! போன பணம் 20 கோடி ஹாங்காங் டாலர். நம் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல். இந்தச் செய்தி 2024-ல் வெளியானது.

படித்தவர், உத்தியோகம் பார்ப்பவர், தினமும் பார்க்கும் முகம்! அவரே ஏமாந்தார் என்றால், முன்பின் தெரியாத கடையின் வாசலில் நாம் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

முகத்தோடு முகவரியும் வேண்டும்

அப்படியானால் எதையுமே நம்பக் கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. ரங்கநாதன் தெருவில் கூப்பிட்டாரே, அவரை நாம் ஏன் நம்புகிறோம்? அவர் அழகாகப் பேசுவதால் அல்ல. அவருக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது. புடவையின் சாயம் போனால், நாளைக்கு அதே வாசலுக்குப் போகலாம். "நேற்று என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கலாம்.

இணையதளத்திலும் இதைத்தான் பார்க்க வேண்டும். பேசுகிற முகத்துக்குப் பின்னால் ஒரு முகவரி இருக்கிறதா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ல் வந்தன. இணையதளத்தில் விற்கும் நிறுவனம் தன் சட்டப்படியான பெயர், தலைமை அலுவலக விலாசம், தொடர்பு கொள்ளும் வழி, குறை கேட்கும் அதிகாரியின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். புகார் கொடுத்தால், கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

விளம்பரத்தில் பொய் சொன்னால் அபராதமும் உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, பொருள் செய்தவருக்கு மட்டும் அல்ல, புகழ்ந்து பேசியவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பவும் தப்பு செய்தால் 50 லட்சம் வரை போகலாம்.

ஆகவே, பணம் கட்டுமுன் இதைச் செய்யுங்கள்:

வீடியோவை முழுதும் பாருங்கள். பிறகு அதை மறந்துவிட்டு, பக்கத்தின் அடிவரை போங்கள். பெயரும் விலாசமும் இருக்கிறதா என்று தேடுங்கள். போன் நம்பர் இருந்தால் பேசிப் பாருங்கள். பிரபலமானவர் முகம் வந்தால் இரண்டு மடங்கு எச்சரிக்கை தேவை. "இந்த நிமிடமே பணம் கட்டு" என்று அவசரப்படுத்தினால், உடனே மூடிவிடுங்கள். புதுக் கடையானால், பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் வழி உண்டா என்று பாருங்கள்.

அப்படியும் பணம் பறிபோனால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வாங்கிய பொருளில் குறை என்றால் 1915. நுகர்வோர் உதவி எண் அது. இரண்டையும் இன்றே செல்போனில் பதிந்து வையுங்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அழகான முகம் கம்ப்யூட்டரில் சல்லிசாகக் கிடைக்கும் காலம் இது. ஆனால், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று "உடைந்து வந்தால் வேறு அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே அனுப்புகிற மனிதர் எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடைக்க மாட்டார். உங்கள் கடை வாசலில் அவரை நிறுத்துங்கள். ஒரு தடவை வாங்கியவர் அந்த முகத்தைத் தேடி மறுபடியும் வருவார்!